ஆறு கார்டுல ரெண்டைக் காணோமா? எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

மண்டபம், கீழக்கரை, தொண்டி, நம்ம பக்கம் எங்க இருந்து போன் வந்தாலும் இப்ப ஒரே கதை தான், கிரிப்டோ காசு எடுக்க (அது தான் மைனிங்) கிராஃபிக்ஸ் கார்டு வரிசையா மாட்டின கம்ப்யூட்டர் ரிக்கைப் பத்தி. "அண்ணே, ரிக்கை ரொம்ப நாள் கழிச்சு ஆன் பண்ணேன், ஆறு கார்டுல நாலு தான் காட்டுது, ரெண்டு செத்துருச்சு போல, பழைய சாமான் எடுக்குறவர் வந்து விலை கேக்குறார், குடுத்துறவா?" குடுக்காதீங்க. காட்டாத கார்டு எல்லாம் செத்த கார்டு இல்ல. நான் பாத்த வரைக்கும் நம்ம கடற்கரையில பெரும்பாலும் கோளாறு கார்டுல இருக்காது, கார்டுக்குப் போற வழியில தான் இருக்கும். ரைசர் (கார்டை மதர்போர்டோட சேக்குற துண்டு), பின், எஸ்எம்பிஎஸ் (பவர் குடுக்குற டப்பா) வயரு, பயாஸ் (மதர்போர்டோட அடிப்படை சாஃப்ட்வேர்) செட்டிங், இந்த நாலுல ஒண்ணு.

நான் பாம்பன்ல போட்டுக்கு ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வயர்லெஸ் செட்டு பாக்குறவன், கம்ப்யூட்டர் சர்வீஸ் அப்புறமா சேந்துக்கிட்டது. போட்டு சாமான் பாத்துப் பழகினதால உப்பு ஒரு கனெக்டரை என்ன பண்ணும்னு நல்லாவே தெரியும். மைனிங் ரிக் பத்தி நெட்டுல ஆயிரம் வீடியோ கிடக்கு, ஆனா உப்புக்காத்துல ஒரு ரிக் எப்படிக் கெடுதுன்னு யாரும் பேசி நான் பாக்கல, அதனால தான் இதை உக்காந்து டைப் பண்றேன்.

கதை எல்லாருக்கும் தெரிஞ்சது தான். 2021 நவம்பர்ல ஈத்தர் (எத்தேரியத்தோட கிரிப்டோ காசு) 4,800 டாலரைத் தொட்டப்ப நம்ம ஆளுங்க நகையை வச்சு, கல்ஃப் சம்பாத்தியத்தைப் போட்டு கார்டு வாங்குனாங்க. 2022 செப்டம்பர் 15-ல எத்தேரியம் மெர்ஜ், அதாவது மைனிங்கே தேவையில்லாம மாத்துன அப்டேட்டு நடந்துச்சு, அன்னையோட ஈத்தரை கார்டு வச்சு எடுக்குற வேலை முடிஞ்சுபோச்சு. ரேவன்காயின், எத்தேரியம் கிளாசிக்னு வேற காசுகளைக் கொஞ்ச நாள் ஓட்டிப் பாத்துட்டு, கரண்டு பில்லுக்குக் கட்டலன்னு பெரும்பாலானவங்க சுவிட்சை அணைச்சுட்டாங்க. அணைச்சதுல தப்பில்ல, அணைச்சுட்டு ரிக்கை அப்படியே மாடி ரூம்ல தொறந்து போட்டாங்க பாருங்க, அங்க தான் வினையே ஆரம்பிச்சுது.

ஏன்னா ஓடிக்கிட்டு இருக்குற ரிக்கை விட நின்னு கிடக்குற ரிக்கைத் தான் உப்பு அதிகமா தின்னும். ஓடும்போது ஃபேன் நாள் பூரா காத்தை இழுக்குது, காத்தோட வர்ற உப்புத் தூசி ஹீட் சிங்க்ல, போர்டுல, பின்னுல எல்லாம் படியுது, ஆனா அப்ப எல்லாமே சூடா இருக்குறதால அந்த உப்பு காஞ்சே கிடக்கும், பெருசா ஒண்ணும் பண்ணாது. ரிக்கை நிறுத்திட்டா போர்டு ஆறிப்போகுது. காத்துல ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டுச்சுன்னா சாதாரண சோத்து உப்பே தண்ணியை இழுத்து ஈரமாயிரும், நம்ம ஊர்ல ராத்திரியில அந்த அளவை சர்வசாதாரணமா தாண்டும், சமையக்கட்டுல உப்பு ஜாடியைத் தொறந்து வச்சுப் பாத்தா காலையில தெரிஞ்சுரும். அந்த ஈர உப்பு செம்பு மேல உக்காந்தா களிம்பு, தகரப்பூச்சு மேல உக்காந்தா வெள்ளையா பூத்துக் கிடக்கும். வடகடல், தென்கடல்னு ரெண்டு பக்கமும் கடலை வச்சுக்கிட்டு இருக்கோம், கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல தென்பக்கத்து ஜன்னல் கம்பியைத் தடவினாலே கை பிசுபிசுக்கும், வாலிநோக்கத்துல உப்பளம் போட்டு உப்பெடுக்கிற ஊர் இது, ரிக் மட்டும் தப்புமா என்ன.

கீழக்கரையில ஒரு காக்காவோட (முஸ்லிம் அண்ணனை நம்ம பக்கம் இப்படித் தான் கூப்பிடுவோம்) ரிக் தான் இதுக்கெல்லாம் நல்ல உதாரணம். ஆறு ஏஎம்டி ஆர்எக்ஸ் 580 கார்டு, எல்லாம் 8 ஜிபி. துபாய்ல இருந்து வந்து 2021-ல போட்டது, மெர்ஜுக்கு அப்புறம் நிறுத்திட்டார். இப்ப மொத்தமா வித்துறலாம்னு பாத்தா, வாங்க வர்றவர் ஆறும் ஒண்ணா ஓடுறதைக் கண்ணால பாத்தா தான் காசுன்னு சொல்லிட்டார். ஆன் பண்ணா மூணு தான் வருது. வெளியூர்ல ஒரு கடையில காட்டினதுக்கு மூணு கார்டும் போச்சுன்னு ஒரே வார்த்தையில சொல்லி அனுப்பிட்டாங்க, ரைசரைக் கழட்டிக்கூடப் பாக்கல. அவங்க உம்மா (அம்மா) வேற, "அந்த இரும்பை எடைக்குப் போட்டுட்டு ரூமைக் காலி பண்ணு"ன்னு சத்தம். காக்கா என்கிட்ட, "தம்பி, போனா போகுது, ஆனா நெசமாவே போயிருச்சான்னு மட்டும் பாத்துச் சொல்லு" அப்படின்னார். அந்த ஒரு வார்த்தைக்காகவே முழுசா உக்காந்து பாக்கணும்னு முடிவு பண்ணிட்டேன்.

முதல்ல செய்ய வேண்டியது, காணோம்னா எந்த வகையில காணோம்னு பிரிக்கணும். பஸ்லயே (கார்டும் மதர்போர்டும் பேசிக்கிற பாதை) தெரியலையா, பஸ்ல தெரிஞ்சும் டிரைவர் ஏத்துக்கலையா, இல்ல நல்லா ஓடி கொஞ்ச நேரத்துல விழுந்துருதா, மூணும் மூணு வேற வியாதி. ஹைவ் ஓஎஸ் மாதிரி மைனிங் லினக்ஸ்ல இருந்தீங்கன்னா எல்எஸ்பிசிஐ (lspci) கமாண்டு அடிச்சா பஸ்ல எத்தனை கார்டு இருக்குன்னு வரும். அதுலயே இல்லன்னா டிரைவரைத் திரும்பத் திரும்ப இன்ஸ்டால் பண்றது வெட்டி வேலை, வயர் பக்கம் போங்க. அதுல இருந்து மைனர் சாஃப்ட்வேர்ல மட்டும் இல்லன்னா டிரைவர், கார்டோட பயாஸ் பக்கம் போங்க. ஓடி விழுந்தா பவரு, சூடு, ஓவர்கிளாக் (கார்டை அளவுக்கு மேல வேகமா ஓட்டுறது). விண்டோஸ்ல இருந்தா டிவைஸ் மேனேஜர்ல கோட் 12 வந்தா இடம் பத்தலன்னு அர்த்தம், அதை கீழ சொல்றேன். கோட் 43 வந்தா பெரும்பாலும் டிரைவரு, இல்ல மைனிங்குக்காக மாத்தி எழுதின பயாஸ் தான். ஆர்எக்ஸ் 580-ல மெமரி டைமிங் மாத்தின பயாஸ் போட்டிருந்தா விண்டோஸ் டிரைவர் கையெழுத்து சரியில்லன்னு மறுத்துரும், அதே கார்டு லினக்ஸ்ல அமைதியா ஓடும், இதையும் செத்த கார்டுன்னு வித்தவங்க இருக்காங்க.

அடுத்தது ஒத்தைக் கார்டு சோதனை. இதுக்குச் சோம்பல் படவே கூடாது. எல்லாக் கார்டையும் கழட்டி, ஒவ்வொண்ணுக்கும் மாஸ்கிங் டேப்ல நம்பர் எழுதி ஒட்டுங்க, ரைசருக்கும் தனியா நம்பர். அப்புறம் ரைசரே இல்லாம கார்டை நேரா மதர்போர்டோட பெரிய ஸ்லாட்ல போட்டு ஆன் பண்ணுங்க. வந்துச்சுன்னா கார்டு உயிரோட இருக்கு, அவ்வளவு தான் விஷயம். ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்தணும், கார்டையும் ரைசரையும் சேத்து மாத்துனா எதுனால சரியாச்சுன்னு எந்த ஜென்மத்துலயும் தெரியாது. பவர் குடுக்குறதுக்கு முன்னாடி மல்டிமீட்டரை வச்சு கார்டோட 8 பின் சாக்கெட்ல 12 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல ரெசிஸ்டன்ஸ் பாத்துருங்க. கிட்டத்தட்ட சைபர் ஓம் காட்டுனா மாஸ்ஃபெட் (கார்டுல பவரைக் கட்டுப்படுத்துற பாகம்) ஷார்ட், அதை ஆன் பண்ணாதீங்க, எஸ்எம்பிஎஸ்ஸையும் இழுத்துட்டுப் போயிரும்.

காக்காவோட மூணு "செத்த" கார்டையும் இப்படி நேரா போட்டா மூணுமே படம் குடுத்துச்சு. அவர் முகத்தைப் பாக்கணுமே. சத்தம் போடாம உள்ள போய் உம்மாவைக் கூட்டிட்டு வந்து மானிட்டரைக் காட்டுனார்.

அப்ப கோளாறு ரைசர்ல. ரைசர்னா தெரியும்ல, மதர்போர்டு ஸ்லாட்ல சொருகுற சின்னத் துண்டு, நடுவுல யுஎஸ்பி 3.0 மாதிரி ஒரு கேபிள், கார்டு உக்காருற பெரிய ஸ்லாட் போர்டு. பாக்க யுஎஸ்பி தான், ஆனா அதுல போறது யுஎஸ்பி சிக்னல் இல்ல, பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன், அதனால அந்த கேபிளைத் தப்பித் தவறிக் கூட கம்ப்யூட்டரோட யுஎஸ்பி போர்ட்ல சொருகாதீங்க. அந்தச் சின்னத் துண்டை உருவி வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தேன், பூதக்கண்ணாடி கூட வேண்டியதில்ல. தங்கப்பூச்சு விரல் ஒவ்வொண்ணோட நுனியிலயும் ஊசி குத்துன மாதிரி பச்சைப் புள்ளி. விலை கம்மியான ரைசர்ல பூச்சு ரொம்ப மெல்லிசு, ஸ்லாட்டோட ஸ்பிரிங் உரசுற இடத்துல அது தேஞ்சு, அந்தத் துளி வழியா கீழ இருக்கிற செம்பு களிம்பேறி மேல வந்து நிக்குது. யுஎஸ்பி சாக்கெட்டுக்குள்ள டார்ச் அடிச்சா பின்னு நாக்குல வெள்ளைப் பூப்பு. பின்னுல இந்தப் படலம் இருந்தா அவ்வளவு வேகமான சிக்னல் எங்க சுத்தமா போய்ச் சேரும்? சில சமயம் கார்டு தெரியும், சில சமயம் தெரியாது, கேபிளை லேசா அசைச்சா வரும், லினக்ஸ் லாகைத் தொறந்து பாத்தா பிசிஐ பஸ் எரர்னு வரிவரியா கொட்டிக் கிடக்கும்.

சுத்தம் பண்றதுக்கு வெள்ளை பென்சில் ரப்பர் போதும், மை அழிக்கிற சொரசொரப்பு ரப்பர் எடுத்தா மிச்சமிருக்கிற தங்கமும் போயிரும். ஒரே திசையில மெதுவா தேச்சு, ரப்பர் தூளைத் தட்டிட்டு, 99 சதவீத ஐசோபுரொப்பைல்ல நனைச்ச பிரஷ்ஷால ஒரு தடவை, காஞ்சதும் இன்னொரு தடவை. சாக்கெட்டுக்குள்ளயும் பிரஷ்ஷை விட்டு எடுங்க. இன்ஜின் பக்கம் அடிக்கிற ஸ்பிரே, பெட்ரோல் ரெண்டும் கிட்டயே வரக்கூடாது. போட்டு கனெக்டர்ல நாங்க வாஸ்லின், கிரீஸ் தடவுவோம், அந்தப் பழக்கத்துல இங்கயும் தடவலாமான்னு ஒரு தம்பி கேட்டான். ஸ்லாட்ல தடவாதே தம்பி, தூசி ஒட்டி இன்னும் மோசமாயிரும். நல்லா பச்சை ஏறிப்போன ரைசரை சுத்தம் பண்ணி மெனக்கெடாம தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க, கார்டு விலையோட பாத்தா அது ஒண்ணுமே இல்ல.

இப்ப பவர் விஷயம், இது தான் ரொம்ப முக்கியம், ஏன்னா இதுல கார்டு மட்டும் போகாது, வீடே பத்திக்கும். காக்காவோட ரிக்ல மூணு ரைசருக்கு சாட்டா கேபிள்ல (ஹார்ட் டிஸ்குக்குப் போற பவர் கேபிள்) இருந்து பவர் குடுத்திருந்தாங்க, அதுவும் ஒரே கேபிள்ல வரிசையா மூணு. சாட்டா கனெக்டர்ல 12 வோல்ட்டுக்கு மூணு பின், பின்னுக்கு 1.5 ஆம்பியர், ஆக 54 வாட் தான் அதோட தாங்கு சக்தி. ஒரு கார்டு ஸ்லாட் வழியா மட்டும் 75 வாட் வரைக்கும் இழுக்கலாம், அதுல 12 வோல்ட் லைன்லயே 66 வாட். கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு கார்டுக்கே இடிக்குது, மூணு கார்டை ஒரே கேபிள்ல கட்டுனா என்ன ஆகும். இந்த ஆர்எக்ஸ் குடும்பத்துல 480 வந்த 2016-லயே ஸ்லாட்ல இருந்து அளவுக்கு மேல இழுக்குதுன்னு பெரிய பிரச்சனையாகி ஏஎம்டி டிரைவர் மாத்தி விட்டாங்க. நம்ம ஊர்ல அந்தப் பின்னுல உப்பும் சேந்துக்கும். 5 ஆம்பியர் போற இடத்துல 0.1 ஓம் தடை இருந்தா 2.5 வாட் சூடு அந்த ஒத்தைப் பின்னுலயே இறங்குது, கடுகளவு உலோகத்துக்கு அது பெரிய சூடு. கனெக்டரை உருவிப் பாத்தப்ப கருப்பு பிளாஸ்டிக் ஓரம் உருகி மடங்கி, உள்ள பின்னு நீலம் பாஞ்சு கிடந்துச்சு, பொசுங்குன நாத்தம் இத்தனை நாள் கழிச்சும் போகல.

அதனால ரைசருக்கு 6 பின் கேபிள் தான், அதுவும் எஸ்எம்பிஎஸ்ல இருந்து நேரா வர்ற கேபிள். ஒரு கேபிளுக்கு ரெண்டு ரைசருக்கு மேல நான் போட மாட்டேன். ரெண்டு எஸ்எம்பிஎஸ் வச்சிருக்கவங்க, கார்டோட தலைக்குப் போற 8 பின்னும் அந்தக் கார்டு உக்காந்திருக்கிற ரைசரும் ஒரே எஸ்எம்பிஎஸ்ல இருந்து வரணும். பாதி இதுல பாதி அதுலன்னு குடுத்தா ஒண்ணு டிரிப் ஆகும்போது மொத்த லோடும் ரைசர் பக்கம் சாயும். எல்லாம் மாட்டிட்டு ஃபுல் லோடுல ஓடும்போது ரைசர்ல 12 வோல்ட் அளந்து பாருங்க, 11.4-க்குக் கீழ இறங்கக் கூடாது. இறங்குனா கார்டைக் குறை சொல்லாம வயரைப் பாருங்க. சாயங்காலம் லோ வோல்டேஜ் வர்ற ஏரியான்னா அந்த நேரத்துலயும் ஒரு தடவை அளங்க, காலையில நல்லா ஓடி சாயங்காலம் மட்டும் கார்டு விழுந்தா காரணம் அதுல கிடைச்சுரும். என்விடியா கார்டு வச்சிருக்கவங்களுக்கு லாக்ல எக்ஸ்ஐடி 79-னு வரும், கார்டு பஸ்ல இருந்து விழுந்துருச்சுன்னு அர்த்தம், அதைப் பாத்ததும் கார்டு போச்சுன்னு பதறாதீங்க, பவரையும் ரைசரையும் தான் அது முதல்ல கை காட்டுது.

ரைசரை மாத்தி, கேபிளை மாத்தி, ஆறையும் போட்டா இப்ப நாலு தான் வருது. எது வருதுன்னு பாத்தா முதல்ல வராத கார்டு வருது, நல்லா இருந்த கார்டு வரல! கார்டு மாறி மாறி வந்து எண்ணிக்கை மட்டும் நாலுலயே நின்னா அது கார்டோட குத்தமே இல்ல, போர்டு "இதுக்கு மேல இடமில்ல"ன்னு சொல்லுது. ஒவ்வொரு கார்டும் போர்டுகிட்ட ஒரு முகவரி இடம் கேக்கும், ஆர்எக்ஸ் 580 கேக்குறதுல பெரிய துண்டு 256 எம்பி. பயாஸ்ல அபவ் 4ஜி டீகோடிங்னு ஒரு செட்டிங் ஆஃப்ல இருந்தா எல்லாருக்கும் முதல் 4 ஜிபிக்குள்ள தான் மனை, அங்க ஏற்கனவே பாதி பேர் குடியிருக்காங்க, நாலு அஞ்சு கார்டுக்கு மேல எப்படி வீடு கட்டுறது. அதை ஆன் பண்ணா மேல பரந்த இடம் கிடைச்சுரும். ஆனா காக்கா, "அதெல்லாம் 2021-லயே ஆன் பண்ணி வச்சது தம்பி, ஆறும் ஓடுச்சே"ன்னார். உண்மை தான். அப்புறம் எப்படி ஆஃப் ஆச்சு?

பயாஸ்ல தேதியைப் பாத்தேன், போர்டு பொறந்த வருசத்துல நிக்குது. சிஆர் 2032 பேட்டரியைக் கழட்டுனா அடியில இருக்கிற தகடு பச்சை, பேட்டரி 2.1 வோல்ட் தான் காட்டுது, புதுசுன்னா 3 வோல்ட்டுக்கு மேல இருக்கணும். ஒவ்வொரு தடவை கரண்டு போகும்போதும் செட்டிங் எல்லாம் ஃபேக்டரி நிலைக்குத் திரும்பிருது. நம்ம ஊர்ல கரண்டு போறதுக்குச் சொல்லவா வேணும். சின்ன ஒரு பேட்டரி, அதுக்காக ரெண்டு கார்டு காணாமப் போச்சு. தேதி தப்பா இருந்தா பூல் (மைனிங் பண்றவங்க சேந்து வேலை பாக்குற இடம்) சர்வரோட பாதுகாப்புக் கனெக்ஷனும் சில சமயம் மறுக்கும், அதைப் பாத்து இன்டர்நெட் கோளாறுன்னு நினைச்சு ரவுட்டரைக் குடையிறவங்களும் உண்டு. கார்டு எண்ணிக்கை திடீர்னு குறைஞ்சா முதல்ல தேதியைப் பாருங்க, காசு செலவே இல்லாத சோதனை.

பேட்டரி மாத்தி, தகட்டைச் சுத்தம் பண்ணி, அபவ் 4ஜி டீகோடிங் ஆன், பிசிஐ வேகம் ஆட்டோல இருந்து ஜென் 1, போர்டுல உள்ள ஆடியோ ஆஃப், டிஸ்ப்ளே பிராசஸர் பக்கம். வேகத்தைக் குறைச்சா ஹேஷ்ரேட் (மைனிங் வேகம்) குறையுமான்னு எல்லாரும் கேக்குறாங்க, குறையாது, மைனிங்குல போர்டுக்கும் கார்டுக்கும் நடுவுல போற டேட்டா ரொம்பக் கம்மி, ஜென் 1-ல ஒரு லேன்ல செகண்டுக்கு 250 எம்பி போகும், அதுவே தாராளம். ரைசர் கேபிளுக்கு அந்த வேகத்துல சிக்னல் நிம்மதியா போகும். சில போர்டுல எம்.2 ஸ்லாட்ல எஸ்எஸ்டி போட்டா ஒரு பிசிஐ ஸ்லாட் தானா அணைஞ்சுரும், அதையும் போர்டோட மேனுவல்ல பாத்துக்குங்க. லிஸ்ட்ல எந்த வரி எந்தக் கார்டுன்னு குழப்பமா இருந்தா ஹைவ் ஓஎஸ்ல ஒரு கார்டோட ஃபேனை மட்டும் வேகமா சுத்த விட்டுக் கண்டுபிடிக்கிற வசதி இருக்கு, பஸ் நம்பர் நீங்க மாட்டின வரிசையில வரும்னு நம்பாதீங்க.

ஆறும் வந்துச்சு. ஓவர்கிளாக் எதுவும் போடாம ராத்திரி பூரா ஓட விட்டோம், ஆறுல அஞ்சு சுத்தம், அஞ்சாம் நம்பர் டேப் ஒட்டின கார்டு மட்டும் தப்பான ஷேர் (பூலுக்கு அனுப்புற மைனிங் விடை) குடுத்துக்கிட்டே இருந்துச்சு. வேற ரைசர், வேற கேபிள், கடைசியில நேரா ஸ்லாட்ல, எங்க போட்டாலும் அதே கார்டுல அதே தப்பு. கோளாறு கார்டோடயே கூட வருது பாருங்க, அப்ப தான் அது கார்டோட வியாதி. விண்டோஸ்ல போட்டு ஓசிசிடி (OCCT)ன்னு ஒரு சோதனை சாஃப்ட்வேர்ல விராம் (கார்டோட மெமரி) டெஸ்ட் விட்டா எரர் மேல எரர், மெமரி சிப்பு ஒண்ணு போயிருக்கு. இதை மறைச்சு விக்கக் கூடாதுன்னு சொன்னேன், காக்காவும் அதுல ரொம்பத் தெளிவா இருந்தார், வாங்குறவர்கிட்ட அந்தக் கார்டைத் தனியாக் காட்டி சொல்லிட்டு அஞ்சுக்கு மட்டும் விலை பேசினார்.

சிலர், ரிக் திரும்ப வந்துருச்சுல்ல, மறுபடி ஓட்டலாமான்னு கேக்குறாங்க. ஆறு 580 டியூன் பண்ணி ஓட்டுனாலும் சுவர்ல 800 வாட் வரும், ரெண்டு மாசத்துக்கு 1,150 யூனிட், வீட்டு யூனிட்டோட சேந்து கடைசி ஸ்லாப்ல போய் நிக்கும், அங்க யூனிட்டு 11 ரூபாய்க்கு மேல. மேல 30 சதவீத வரி, 1 சதவீத டிடிஎஸ், மைனிங் செட்டப்புக்கு ஆன செலவை அடக்க விலையா கழிக்கவும் முடியாதுன்னு 2022 மார்ச்சுல நாடாளுமன்றத்துலயே அரசு சொல்லிருச்சு. காசுக்காக ஓட்டாதீங்கன்னு தான் சொல்வேன். ஆனா கார்டுக்கு வேற வாழ்க்கை இருக்கு, படிக்கிற பிள்ளைங்க கம்ப்யூட்டருக்கு, வீடியோ எடிட்டிங்குக்கு 8 ஜிபி கார்டு இன்னைக்கும் உதவும்.

விக்கிற வரைக்கும் வச்சிருக்கவங்க, கார்டைக் கழட்டி, உப்புத் தூசியை பிரஷ்ஷால தட்டி, ஐசோபுரொப்பைல்ல விரல் பக்கத்தைத் துடைச்சு, நல்லா காஞ்சதும் ஒவ்வொண்ணையும் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட கவர்ல போட்டு இறுக்கிக் கட்டி வைங்க. கவர் ஆன்டி ஸ்டேட்டிக்கா இருந்தா நல்லது. மாடி ரூம் வேண்டாம், கடல் பக்கம் ஜன்னல் இல்லாத உள் ரூம் பீரோவுல வைங்க. ரைசரையும் எஸ்எம்பிஎஸ் கேபிளையும் தனிக் கவர்ல. பேட்டரியை போர்டுல இருந்து கழட்டிருங்க. வாடைக்காத்து மாறி மழை ஆரம்பிக்கிறதுக்குள்ள இதை முடிச்சுருங்க, அப்புறம் காய வைக்க வெயிலே கிடைக்காது.